பெண்வழிக் குடியும் ஆண்வழி அதிகாரமும்

இத்தொடரின் முன்னைய உரைகளில் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசினோம். அவற்றைக் கேட்ட நேயர்கள் சிலர் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார்கள். அக்கவிகளிலே வரும் பெண் ஒதுங்கி நிற்பவளாக இல்லை. மச்சானை அழைக்கிறாள், ஏசுகிறாள், வராதே என்கிறாள், வாக்குத் தவறியவனைப் பகிடி பண்ணுகிறாள். இவ்வளவு உரத்துப் பேசுகின்ற பெண்ணைப் பள்ளிவாசல் நிர்வாகத்திலோ காதி நீதிமன்றத்தின் ஆசனத்திலோ காணமுடிவதில்லையே, கவியிலே இருந்தவள் எங்கே போனாள் என்பதுதான் அக்கேள்வி.

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடுவதானால் கவியை விட்டுச் சற்று விலகி, அந்தப் பெண் நின்று பாடுகின்ற வாசலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான காதற் கவிகளில் அவன் வருகிறான், அவள் இருக்கிறாள். வயலிலிருந்தோ கடலிலிருந்தோ தூரத்து ஊரிலிருந்தோ அவன் வரவேண்டும். அவள் இருக்கும் இடம் மாறுவதில்லை. இது வெறும் கவி மரபு என்று விட்டுவிட முடியாது. அந்த வாசல் அவளுடையது. அவளுக்கு முன் அவளுடைய உம்மாவுடையது. அதற்கு முன் மூத்தம்மாவுடையது.

மருதமுனை தொடங்கி, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் ஊர்களிலும், உள்ளே சம்மாந்துறையிலும், கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். இவ்வூர்களுக்கு இடையிடையே உள்ள பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் ஆகிய தமிழ் ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. மதம் இரண்டு, வழக்கம் ஒன்று. பேச்சிலேயே இதைக் காணலாம். தமிழ்நாட்டிலே "பெண் எடுத்தோம்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் "மாப்பிள்ளை எடுத்தோம்" என்பதுதான் வழக்கு. பெண் வீட்டார்தாம் மாப்பிள்ளை கேட்டுப் போகிறார்கள். மாப்பிள்ளையைத்தான் ஊர்வலமாக அழைத்து வருகிறார்கள். குரவை ஒலிப்பதும் பெண் வீட்டு வாசலில்தான்.

வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்குவது எனக்கு எப்போதும் சிரமமாகவே இருந்துவந்துள்ளது. "அப்படியானால் நீங்கள் வீட்டோடு மாப்பிள்ளையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்று தனியாக ஒருவகை இல்லை. எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தான். நானும் அவ்வாறு போனவன்தான். நான் பிறந்த வீடு இப்போது என் தங்கையுடையது.

மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால், குடும்பம் இருக்கின்ற நல்ல வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவிலே பின்னால் ஒரு சிறிய வீட்டுக்கோ, பக்கத்து வளவில் கட்டத் தொடங்கியுள்ள அடுத்த வீட்டுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். அடுத்த மகள் வளரும்போது அந்த வீடும் நிமிர்ந்துவிட வேண்டும். இப்படியே உம்மாவைச் சுற்றி ராத்தாமாரும் தங்கச்சிமாரும் சாச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ஒரு பெண்கள் வட்டம் உருவாகிறது. ஆண்பிள்ளைகள் மாத்திரம் ஒருவர் பின் ஒருவராக வெளியேறுகிறார்கள்.

இதனுடன் இணைந்ததுதான் குடி முறை. ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர் என்பது தாயை வைத்தே தீர்மானமாகிறது. தாய்வழியாக இறங்கும் இத்தொடர்ச்சியை 'வயிற்றுவார்' என்று அழகான ஒரு சொல்லாற் குறிப்பார்கள். வாப்பாவின் குடி வேறு, பிள்ளைகளின் குடி வேறு. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. 1970களில் அக்கரைப்பற்றில் தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில், இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாக விளக்கியுள்ளார். முஸ்லிம் உலகிலும் இது முற்றிலும் புதுமையானதன்று. இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்திராவில் வாழும் மினாங்கபாவு மக்கள், கேரளத்தின் கண்ணூர் - தலச்சேரி மாப்பிளாமார், இலட்சத்தீவு மக்கள் ஆகியோரிடமும் தாய்வழி முறை உண்டு. தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்திலும் மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுப்பதுதான் வழக்கம்.

'சீதனம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'ஸ்திரீதனம்' என்பதன் திரிபு அது. பெண்ணின் செல்வம் என்பதே அதன் பொருள். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் பணமாகவும் நகையாகவும் மாறிவிட்ட பிறகும், எங்கள் கரையோரத்தில் அது முதன்மையாக வீடாகவும் வளவாகவும் வயலாகவும், பெண் பெயரில் எழுதப்பட்ட உறுதியாகவும் இருந்துவந்திருக்கிறது. வாரிசுரிமைப் பங்கீட்டில் மகனுக்குள்ளதிற் பாதிதான் மகளுக்கு. ஆனால் எங்கள் வழக்கமோ, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே முழு வீட்டையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. சகோதரர்கள் அதைக் குறைவாக எண்ணுவதில்லை. எண்ணினாலும் வெளியே சொல்வதில்லை.

இதனாற் பெண்ணுக்குக் கிடைத்தது சிறிதல்ல. புருஷன் கோபித்துக்கொண்டால் வெளியேறுபவன் புருஷன். தலாக் சொல்லிவிட்டாலும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கூரை இருக்கிறது. கைம்பெண்ணானவள் மாமியார் வீட்டு மூலையில் ஒண்ட வேண்டியதில்லை. கைநீட்டத் துணிகிற கணவனுக்குச் சுற்றிலும் அவளுடைய ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைவு ஒரு தடைதான். யுத்த காலத்தில் கணவனை இழந்த எத்தனையோ பெண்கள் பிள்ளைகளோடு வீதிக்கு வராமல் தப்பியதற்கு உம்மா கொடுத்த வளவு ஒரு காரணம் என்பதை நான் என் கண்ணாற் கண்டவன். கவியிலே கேட்கும் குரலின் துணிவும் இங்கிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம்.

இத்துடன் நிறுத்திக்கொண்டு, "எமது சமூகத்தில் பெண்ணுக்கே முதலிடம்" என்று மேடையிற் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீடு பெண்வழியாக இறங்குகிறது. பேச்சு ஆண்வழியாகவே இறங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை எங்கள் கரையோரத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

பள்ளிவாசலைப் பாருங்கள். ஒவ்வொரு குடியும் தனக்கொரு மரைக்காரைத் தெரிந்து பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு அனுப்பும் முறை எமது ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. ஒரு மரைக்காருக்குப் பின் அவருடைய மகன் அந்த இடத்துக்கு வரமுடியாது. மகன் தன் உம்மாவின் குடியல்லவா? அதே வயிற்றுவாரில் வந்த தம்பியோ மருமகனோதான் வரமுடியும். ஒரு சகோதரியின் வயிற்றைத் தொட்டுத்தான் அந்தப் பதவி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அந்தச் சகோதரி அந்த ஆசனத்தில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் வந்து நம்பிக்கையாளர் சபை என்று பெயர்கள் மாறிய பின்னும் அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஆண்கள்தாம். மினாங்கபாவு சமூகத்திலும் இப்படித்தான். நிலமும் பெரிய வீடும் பெண்களுடையவை. அவற்றின் பெயரால் சபையிற் பேசுபவர் தாய்மாமன். தாய்வழி என்பது வேறு, தாய் ஆட்சி என்பது வேறு.

வயலும் அப்படியே. சீதனமாக வந்த வயல் மனைவியின் பெயரில் இருக்கும். அதை விதைப்பதும், முள்ளைக்காரனை வைப்பதும், நெல்லை விற்பதும் கணவன். பல ஏக்கர் உள்ளவனைப் 'போடியார்' என்று ஊர் மரியாதையோடு அழைக்கும். அந்தப் போடியார் பட்டத்தில் ஒரு பகுதி அவர் பெண்சாதி கொண்டுவந்த வயலினால் ஆனது என்பதை யாரும் சொல்லிக்காட்டுவதில்லை. வயலின் சொந்தக்காரிக்குப் 'போடியாருடைய பெண்சாதி' என்று பெயர். ஊரில் எனக்கு மாமி முறையான வயதான ஒருவர், இதைப்பற்றி நான் துருவித் துருவிக் கேட்டபோது, வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "ஊடு என்ட பேருலதான் மகன். தொறப்பு அவருட இடுப்புல." இதைவிடச் சுருக்கமாக ஓர் ஆய்வாளராற் சொல்ல முடியுமோ தெரியாது.

சமூகத்தின் மேல் கீழ் என்ற படிகளும் இந்த வீட்டு வாசலில்தான் அளக்கப்படுகின்றன. நபிகளாரின் வழித்தோன்றல்கள் எனப்படும் மௌலானாக் குடும்பங்கள் தம் பெருமையைத் தகப்பன் வழியாக எண்ணுவார்கள். பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா குடும்பங்களோ எல்லா வீட்டுச் சடங்குக்கும் அழைக்கப்படுவார்கள், சம்பந்தத்துக்கு அழைக்கப்படமாட்டார்கள். சமத்துவத்தை ஐந்து வேளையும் ஒரே வரிசையில் நின்று கடைப்பிடிக்கும் சமூகத்தில் இது எப்படி என்று கேட்டால், "அது தொழுகை, இது கலியாணம்" என்பதுபோல் ஒரு மௌனம் கிடைக்கும். காலப்போக்கில் குடிப்பெருமை சற்றுத் தளர்ந்து, உத்தியோகப் பெருமை அந்த இடத்தைப் பிடித்தது. ஆசிரியர், எழுதுவினைஞர், பொறியியலாளர், வைத்தியர் என்று மாப்பிள்ளைமாருக்குத் தரம் பிரிந்தது. தரம் ஏற ஏற வீட்டின் தளங்கள் கூடின. வீட்டோடு ரொக்கமும் கேட்கப்பட்டது. பெண்ணின் செல்வமாக இருந்த சீதனம் அப்போதுதான் மெல்ல ஆணின் விலையாகத் திரியத் தொடங்கியது.

அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று குமர் உள்ள ஒரு கூலித் தொழிலாளி மூன்று வீடு கட்ட வேண்டும். மூத்த மகன் தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டுத் தங்கைக்கு வீடு கட்டுகிறான்; பிறகு வேறொருத்தியின் காக்கா இதேபோற் கட்டிய வீட்டில் மாப்பிள்ளையாகக் குடியேறுகிறான். மருதமுனையின் தறிகளில் நூல் சுற்றிய பெண்களும், பன் பாய் இழைத்த பெண்களும் சேர்த்த காசு கல்லாகவும் மணலாகவும் மாறியது. 1970களின் பிற்பகுதி தொடங்கி மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போனவர்களில், தன் வீட்டைத் தானே உழைத்துக் கட்டப் போன குமர்களும், மகளுக்கு வீடு கட்டப் போன உம்மாமாரும் எத்தனையோ பேர். குமர்க் காரியத்துக்கு உதவி கேட்டு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் நிற்கும் தகப்பனைப் பார்த்தவர்களுக்கு, வீடு பெண்ணுடையது என்ற பெருமைப் பேச்சு அவ்வளவாக ருசிக்காது.

இனி அரசாங்கத்தின் பக்கம் வருவோம். மட்டக்களப்புப் பகுதியின் பழைய முக்குவர் வழமையைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். முதுசச் சொத்து ஒருவருடைய சொந்தப் பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்கு இறங்கிய முறை அதிலே பதிவாகியுள்ளது. அதே காலத்தில் வந்த காலனித்துவச் சட்டங்கள் அம்முறையை மெல்ல மெல்லச் செல்லாக்காசாக்கின. ஆனாலும் சீதன உறுதி வழியாகப் பெண்ணின் வீடு பிழைத்துக்கொண்டது.

இதைவிட ஆழமான மாற்றம் நீர்ப்பாசனத்தோடு வந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டுக் குடியேற்றத் திட்டங்கள் உருவாயின; 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. குடியேற்றக் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டன. பத்திரம் பெரும்பாலும் ஆணின் பெயரில். அவன் பின்னுரிமையாளரைக் குறிப்பிடாமல் இறந்தால், மனைவிக்கு அவள் வாழும்வரை அனுபவிக்கும் உரிமை; அதன்பின் மகள்மாருக்கு முன்னால் மகன்மார். பல தலைமுறையாக மகளுக்கே முதலில் எழுதிவந்த ஒரு நிலப்பகுதியில், மகனுக்கே முதலிடம் என்று ஒரு தாள் வந்து சேர்ந்தது. ஆண் - பெண் வேறுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. இடைப்பட்டது 87 ஆண்டுகள்.

அடுத்த தாள் விவாகப் பதிவுத் தாள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை நேயர்கள் ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பார்க்க வேண்டும். காதியாக நியமிக்கப்படுபவர் ஆணாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. விவாகப் பதிவில் மணமகன் ஒப்பமிடுவார். பெண்ணின் வலீ ஒப்பமிடுவார். மணமகளின் ஒப்பம் அதிலே கேட்கப்படவில்லை. கணவன் தலாக் சொல்வதற்குக் காரணம் காட்டத் தேவையில்லை. மனைவி பஸஹ் கேட்பதானால் குற்றத்தைச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். 1995இல் நாட்டின் பொதுவான விவாக வயது 18 ஆக உயர்த்தப்பட்டபோது முஸ்லிம் பிள்ளைகள் அதற்கு வெளியே விடப்பட்டார்கள். கடற்கரையிலே ஒரு வளவும் இரண்டு ஏக்கர் வயலும் தன் பெயரில் உள்ள ஒரு பெண், அவற்றை விற்பதற்குத் தன் கையால் ஒப்பமிடலாம். தன் கலியாணத்துக்கு ஒப்பமிட முடியாது. வீட்டின் உறுதியில் இருந்த பெயர் விவாகப் பதிவில் வெறும் பெயராக மாத்திரம் இருந்தது.

அச்சட்டத்தில் எங்கள் வழக்கத்தோடு தொட்டுப்பேசும் ஒரு சொல்லும் உண்டு: 'கைக்கூலி'. பெண்ணின் உபயோகத்துக்கென்று அவளுடைய உறவினர் மாப்பிள்ளையின் கையிற் கொடுக்கும் பணமும் அசையும் பொருளும் அதற்குள் அடங்கும். அதை மனைவி திரும்பக் கோர வழியுண்டு. சட்டம் செய்தவர்களுக்கு எமது நடைமுறை ஓரளவு தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று. மார்க்கம் கட்டளையிட்டதோ மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர். எங்கள் ஊர்க் கலியாணங்களில் மஹர் ஒரு சிறு தொகையாக ஓலையில் எழுதப்பட, கைக்கூலி இலட்சங்களாக வளர்ந்தது. இச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது அறிக்கை கொடுத்தது 2018இல். ஒன்பது ஆண்டுகள். அதுவும் ஒரே கருத்தோடு வரவில்லை. அந்த ஒன்பது ஆண்டுகளும் காதி நீதிமன்ற வராந்தாக்களிலே பிள்ளைச் செலவுப் பணத்துக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது ஒரு நீண்ட காலம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று கடல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று எந்த ஊரையும் விடவில்லை. இலங்கையிலே அதிக உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்மாவட்டத்து முகாம்களில் இருந்த குடும்பங்களை விசாரித்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. வீட்டுக்குள் இருந்தமை ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்று. காலை வேளையில் வீட்டுக்குள் இருந்தவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தப்பியவர்களிடம் தாள்கள் வந்தன. 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் அந்தக் கட்டத்தில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. அப்படித்தான் எழுத வேண்டும் என்று கேட்டவரும் நம்பினார், சொன்னவளும் நம்பினாள். நிவாரணப் பணம் அந்தப் பெயருக்கு வந்தது. பின்னர் புதிய குடியிருப்புகளில் வீடும் பல இடங்களில் அந்தப் பெயருக்கே வந்தது. கிழக்குக் கரையிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற தடை முதலில் அறிவிக்கப்பட்டபோது, வாசலும் கிணறும் ஒன்றையொன்று முட்டிநிற்கும் சாய்ந்தமருதுவிலும் கல்முனைக்குடியிலும் அது ஊரின் ஒரு பெரும் பகுதியையே துண்டித்தது. அங்கே போனது பெண்களின் சீதன வளவு. பதிலாகக் கிடைத்தது குடும்பத் தலைவரின் வீடு. உம்மாவும் பெண்மக்களும் அடுத்தடுத்து இருந்த வட்டம் கலைந்து, ஒரு ராத்தா பொலிவேரியன் கிராமத்தில், ஒரு தங்கை உறவினர் வீட்டில் என்றானது. மக்கில்வ்ரேயும் அவரோடு பணிசெய்த பற்றீசியா லோறன்ஸும் சுனாமிக்குப் பின்னான வீடமைப்பையும் சீதனத்தையும் பற்றி எழுதியபோது, இக்கரையோரத்தின் பெண்வழி வீட்டுரிமையைத் திட்டம் வகுத்தவர்கள் போதியளவு கணக்கில் எடுக்காததைச் சுட்டிக்காட்டினர். உறுதியில் இருவர் பெயரும் கூட்டாக இருக்க வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அதற்குள் பல வீடுகளுக்குத் திறப்புக் கொடுபட்டுவிட்டது.

திட்டம் வகுத்த அதிகாரிகள் எல்லாம் பெண்களுக்கு எதிரிகள் என்று நான் கூறவரவில்லை. குடும்பம் என்றால் அதற்கு ஒரு தலைவர், தலைவர் என்றால் ஆண் என்பது அவர்களுக்கு ஒரு கொள்கையாகக்கூடத் தோன்றியிராது. படிவம் அப்படி அச்சிடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். எமது ஆண்கள் நினைத்திருந்தால் "ஐயா, இந்த வளவு என்ட பெண்சாதிட" என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்கள் இருந்தார்கள். சொல்லாதவர்கள் அதிகம்.

இப்போது கவிக்குத் திரும்பலாம். சாய்ந்தமருதுவைச் சேர்ந்த கவிஞர் அனார், 2004இல் 'ஓவியம் வரையாத தூரிகை' என்ற தமது முதலாவது தொகுதியை வெளியிட்டு, 2007இல் 'எனக்குக் கவிதை முகம்', 2009இல் 'உடல் பச்சை வானம்' என்று தொடர்ந்தவர். 2013இல் அவர் கிழக்கிலங்கை நாட்டார் காதற் பாடல்களைத் திரட்டி 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரிற் கொண்டுவந்தார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் முன்னரே இக்கவிகளைத் தேடிச் சேர்த்தவர்கள், அப்பணி பெரியது. எனினும் இதே கரையில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண் அவற்றைத் தெரிந்து அடுக்கும்போது, கவியிலே பேசும் பெண்ணுக்கும் நவீன கவிதையிலே பேசும் பெண்ணுக்கும் இடையில் ஒரு வயிற்றுவார் தெரிகிறது. நேயர்கள் கேட்ட "எங்கே போனாள்" என்பதற்கு ஒரு பாதி விடை அங்கே இருக்கிறது. பெயர் இல்லாமற் பாடியவள் பெயர் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறாள். எழுதியமைக்காக ஊரின் ஏச்சையும் சந்தேகத்தையும் வாங்கிக்கொண்ட பெண்கள் கிழக்கில் உண்டு. கவி பாடியவளை ஊர் மன்னித்தது. அவள் யாரென்று ஊருக்குத் தெரியாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மற்றப் பாதி விடை இளைஞர்களிடம் இருக்கிறது. சீதனம் வாங்கமாட்டோம், மஹர் கொடுத்து மணம் முடிப்போம் என்று சொல்லும் இளைஞர்களை இப்போது எமது ஊர்களில் சந்திக்கிறேன். குமர் உள்ள வீட்டின் சுமையை அறிந்த எவனும் இதை வரவேற்பான், நானும் வரவேற்கிறேன். ஆயினும் ஒரு விடயத்தை அவர்களிடம் கேட்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் ஒழிந்து, மாப்பிள்ளை வீடு கட்டிப் பெண்ணை அழைத்துப் போகும் வழக்கம் வந்தால், நாளை தலாக் என்று ஒரு சொல் வரும்போது வெளியேறுபவர் யார்? மாமியின் இடுப்பில் இல்லாவிட்டாலும் உறுதியிலாவது அவர் பெயர் இருந்ததே. கைக்கூலியை ஒழிப்பது வேறு, பெண்ணின் வீட்டை ஒழிப்பது வேறு. இரண்டையும் 'சீதனம்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டியதால் வந்த குழப்பம் இது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற மாதம் நிந்தவூர்ப் பக்கத்தில் இப்படியொரு இளைஞரைக் கண்டேன். சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கட்டாரில் உழைத்த காசில் தானே வீடு கட்டிக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. பேச்சோடு பேச்சாக, "தம்பி, உறுதி யார் பேரில் முடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "அத இன்னும் பேசல்ல சேர்" என்றார். உள்ளே சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது.

அடுத்த உரையில் இதே கரையோரத்தின் தாலாட்டுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே தாய்மாமன் அடிக்கடி வருவார். வாப்பா எப்போதாவதுதான் வருவார்.